இடக்கைக் கத்தரி

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். கை, கால் எல்லாம் எண்ணிப் பார்த்தேன், குறையில்லை. உன் மாமியாருக்கு இடுப்பு எலும்பு கூடிவிட்டதா? மூன்று வாரமாக ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து உனக்கு முதுகு பிடித்திருக்கும். தைலம் தேய்த்துக்கொள்.

நீ ஊர் திரும்பி நம் தையல் கடையைத் திறக்கும்போது நான் இருக்கமாட்டேன் என்று தெரிந்துதான் கிளம்பினேன். திட்டுவாய். திட்டு. எல்லாம் ஒன்பதே நாளில் நடந்துவிட்டது. கடைக்குப் பட்டன் கொண்டுவரும் நம் பட்டன்காரர் மூலமாக வந்த வேலை. இங்கே கோட்டு தைக்கிற பட்டறையில் துணி வெட்ட உடனே ஆள் வேண்டுமாம். இருந்த பெண் கல்யாணம் ஆகித் திடீரென்று போய்விட்டாளாம். பத்தாம் தேதிக்குள் வந்தால் வேலை, வராவிட்டால் வேறு ஆள். டிக்கெட்டுக்காக என் மிஷினை விற்றேன். கையில் ஒரு பை, மாற்றுத்துணி இரண்டு, அவ்வளவுதான். ஸ்வெட்டர்கூட இல்லை.

பட்டறை விலாசத்தைப் பட்டன்காரர் ஒரு பட்டன் டப்பா மூடியின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். இறங்கியதும் அந்த மூடியை நாலு பேரிடம் நீட்டினேன். மூன்று பேர் நான் பட்டன் விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்து வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். நாலாவது ஆள்தான் பஸ் ஏற்றிவிட்டார். அறையில் என்னோடு இரண்டு பெண்கள். அடுக்குக் கட்டிலில் மேல்தட்டு எனக்கு. எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்கிறது.

உன்னிடம் நேரில் சொல்லிக்கொள்ள முடியவில்லை. கோபித்துக்கொள், ஆனால் பதில் போடு.

உன் சின்னவள்

பிப்ரவரி 3

சின்னவளுக்கு,

மாமியார் கம்பைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கிறார். என் முதுகு நன்றாக இருக்கிறது, உன் தைலம் உன்னிடமே இருக்கட்டும். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன.

ஷட்டரைத் தூக்கினேன். உன் மிஷின் இருந்த இடத்தில் தரையில் நாலு கால்தடம் மட்டும் இருந்தது. திருடன் வந்துவிட்டான் என்று கத்தினேன். பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் ஓடி வந்து, “திருடன் இல்லீங்க, உங்க தங்கச்சி ஃபாரின் போயிட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?” என்கிறார். என் கூடப் பிறந்தவள் கண்காணாத ஊருக்குப் போனதை ஜெராக்ஸ்காரர் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டும்! உன் அத்தானைக் கேட்டால், “எனக்கும் போனப்புறம்தான் தெரியும்” என்று ரிப்பேருக்கு வந்த சுவர்க் கடிகாரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அதோடு போயிருந்தால் நாலு நாள் அழுதுவிட்டு உன் கடிதத்துக்கு நல்லபடியாகப் பதில் போட்டிருப்பேன். நேற்று பட்டன்காரர் வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. “நீங்க இங்கேயா இருக்கீங்க? நான் இடக்கை அக்கான்னு உங்களைத்தானே சொன்னேன்! விலாசம்கூட உங்களுக்குன்னுதான் எழுதிக் குடுத்தேன். கடுதாசி உங்க பேருக்குத்தானே வந்துச்சு?”

என் பேருக்கு வந்த கடிதம். எனக்கு வந்த வேலை. வெட்டுகிறவள் நான். நீ தைக்கிறவள். பதினோரு வருஷத்தில் நீ ஒரு சட்டைக் காலர்கூடத் தனியாக வெட்டியதில்லை. என் பாஸ்போர்ட் ஆறு வருஷமாகப் பீரோவில் தூங்குகிறது. உனக்கு எடுத்தது எனக்குத் துணைக்கு. அந்த ஆபீசில் தனியாக வரிசையில் நிற்கக் கூச்சமாக இருந்தது, உன்னையும் இழுத்துக்கொண்டு போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரே கேள்வி. கடிதம் வந்ததும் என்னிடம் ஏன் சொல்லவில்லை? ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம். வேறு எதையும் எழுத வேண்டாம், இதற்கு மட்டும் பதில் எழுது.

அன்புடன் என்று போட இப்போது மனசு வரவில்லை.

அக்கா

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மேல்தட்டில் படுத்தபடி படித்தேன். நீ கத்துவது காதில் கேட்டது. உனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது, இவ்வளவு கோபம் ஆகாது. மாத்திரையை விடாமல் போடுகிறாயா? அத்தை நாலடி நடப்பதைக் கேட்டுச் சந்தோஷம்.

இங்கே வேலை எப்படி என்று சொல்கிறேன். ஒரே ஒரு மேஜைதான். பதினாறு அடி நீளம். பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கிறது, அதனால் எதிரும் புதிருமாக நிற்க முடியாது. ஒரு முனையில் ஒரு வயதானவர், எல்லோரும் ‘வலது மாஸ்டர்’ என்பார்கள். மறுமுனையில் நான். துணியை நீளமாக விரித்துப் போட்டதும் அவர் அங்கிருந்து வெட்டிக்கொண்டு வருவார், நான் இங்கிருந்து வெட்டிக்கொண்டு போவேன். நடுவில் சந்திக்க வேண்டும். துணியைத் திருப்புவதில்லை, நகர்த்துவதில்லை. முதலாளியம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருப்பார். அதிகம் பேசமாட்டார். தப்பாக வெட்டிய துண்டைத் தூக்கி நம் தோளில் போட்டுவிட்டுப் போவார். அன்று முழுக்க அதைத் தோளிலேயே போட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டும். என் தோளில் சில நாள் துண்டு இருக்கிறது, சில நாள் இல்லை.

ஆறு மாதம் சோதனை. ஜூலையில் நிரந்தரக் காகிதம் கொடுப்பார்கள், இல்லையென்றால் அனுப்பிவிடுவார்கள். திரும்பி வர டிக்கெட் எடுக்க என்னிடம் இன்னொரு மிஷின் இல்லை.

ஒரு உதவி, அக்கா. கேட்கவே வாய் வரவில்லை. உன் கத்தரியை அனுப்புவாயா? ஜூலை வரைக்கும் போதும். இங்கே இருக்கிற கத்தரி கைக்குச் சரிப்பட்டு வரவில்லை. வேறெதுவும் கேட்கமாட்டேன்.

உன் கேள்விக்குப் பிறகு எழுதுகிறேன்.

உன் சின்னவள்

மார்ச் 15

சின்னவளுக்கு,

மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன். உன் கடிதம் வந்த அன்று மட்டும் இரண்டாகப் போட்டேன்.

கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் இல்லை. கத்தரி மட்டும் வேண்டுமா? படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வயிறு எரிந்தது. அது என் இடது கைக்கென்று கத்தி இரண்டையும் மாற்றிப் போட்டு அடித்த கத்தரி. கொல்லன் பட்டறையில் நாள் முழுக்க உட்கார்ந்து கையளவு கொடுத்து வாங்கியது. உன் வலது கையில் அது துணியை வெட்டாது, மென்று துப்பும். இது உனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறாய் என்றால் வெட்டக் கேட்கவில்லை, என்னிடம் மிச்சம் இருப்பதையும் பறிக்கக் கேட்கிறாய். கத்தரி கிடையாது.

இங்கே உன் பேச்சுத்தான். துணி கொடுக்க வருகிறவர்கள் அளவு சொல்வதற்கு முன்னால், “தங்கச்சி எப்படி இருக்காங்க? ஃபோட்டோ அனுப்பினாங்களா?” என்கிறார்கள். மாமியார் என் தோளைப் பிடித்து நடந்துகொண்டே, “சின்னவ கெட்டிக்காரி, பொழைக்கத் தெரிஞ்சவ” என்கிறார். கட்டிலுக்குக் கீழே மூன்று வாரம் கிடந்தது நான், கெட்டிக்காரி நீ!

பொறாமைதான். ஒளித்து என்ன ஆகப்போகிறது? மேஜை பதினாறு அடி என்று எழுதினாய். நம் மேஜை ஐந்தடி. ஒரு கோட்டின் முதுகை வெட்டினால் மீதித் துணி தரையில் தொங்கும். நேற்று டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பதினாறு அடி அளந்து பார்த்தேன். நம் படியில் தொடங்கி ஜெராக்ஸ் கடைப் படியையும் தாண்டிப் போயிற்று. அவர் எட்டிப் பார்த்து, “என்னக்கா, தெருவை வாங்கப் போறீங்களா?” என்றார். டேப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அவ்வளவு நீளத்துக்கு ஒரே துணியை விரித்து, நிறுத்தாமல் வெட்டிக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று நினைத்தபடியே ஒருத்தர் சட்டைக்குக் கழுத்தைத் தப்பாக வெட்டித் தொலைத்தேன்.

அந்த மேஜைக்கு வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது? சும்மாதான் கேட்கிறேன்.

சாப்பிடாமல் கிடக்காதே.

அக்கா

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் அத்தையும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். கத்தரியைப் பற்றி நீ எழுதியது நியாயம்தான். இனி கேட்கமாட்டேன்.

கட்டைவிரல் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. அதனால் இந்தக் கடிதம் சின்னது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். கூட இருக்கிற பெண்களில் ஒருத்தி தன் பழைய ஸ்வெட்டரைக் கொடுத்திருக்கிறாள். கை நீளம், மடித்துவிட்டுக்கொள்கிறேன்.

என்னைப் பார்த்துப் பொறாமைப்படாதே அக்கா. இங்கே அப்படி ஒன்றும் இல்லை.

உன் சின்னவள்

ஏப்ரல் 25

சின்னவளுக்கு,

கட்டைவிரல் வீக்கம் வடிந்ததா? எந்தக் கைக் கட்டைவிரல் என்று நீ எழுதவில்லை. நான் சொல்கிறேன், இடது கை.

உன் கடிதத்தைப் பிரித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுத்து கோணலாக இருந்ததால் இல்லை. ஒவ்வொரு வரியிலும் மை இழுவிக்கொண்டு போயிருந்தது. எழுதிய ஈரத்தின் மேலேயே கை தேய்ந்து போயிருக்கிறது. இடது கையால் எழுதுகிறவளுக்குத்தான் அப்படி ஆகும். என் பள்ளிக்கூட நோட்டு முழுக்க அப்படித்தான் இருந்தது, சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது உள்ளங்கை ஓரம் நீலமாக இருக்கும். மறந்துவிட்டாயா?

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். சுவரோடு ஒட்டிய மேஜை. வலது மாஸ்டர் வலது முனை. அப்படியென்றால் நீ நிற்பது இடது முனை. அந்த முனையிலிருந்து வலது கையால் வெட்டிக்கொண்டு போனால் முழங்கை வயிற்றில் இடிக்கும். அந்த இடம் இடக்கைக்காரிக்கு உள்ள இடம். பட்டன்காரர் ‘இடக்கை அக்கா’ என்று சொன்னது அடையாளத்துக்கு அல்ல, அவர்கள் கேட்டதே அதைத்தான்.

டீச்சர் ஸ்கேலைத் திருப்பி வைத்துக்கொண்டு என் இடது முட்டியில் அடிப்பார். அடித்துவிட்டு உன் நோட்டை வாங்கி வரச் சொல்லி எல்லோருக்கும் தூக்கிக் காட்டுவார். “ரெண்டு வயசு சின்னவ எவ்வளவு அழகா எழுதறா பாரு!” வீட்டில் யாருக்காவது ஏதாவது கொடுக்கும்போது இடது கையை நீட்டிவிட்டு எத்தனை முறை திட்டு வாங்கியிருக்கிறேன். நீ நல்ல கைக்காரி, நான் கெட்ட கைக்காரி. அந்தக் கெட்ட கையை வேண்டும் என்று ஆயுசில் ஒரே ஒரு இடத்தில் கேட்டிருக்கிறார்கள். அங்கே போய் நீ நிற்கிறாய்.

என் வேலையை எடுத்தாய். என் கையையும் எடுத்துக்கொண்டாயா?

எல்லாவற்றையும் எழுது. மறைத்தால் இனி என் கடிதம் வராது. விரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அக்கா

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

ஒத்தடம் கொடுக்கிறேன். வீக்கம் குறைந்திருக்கிறது. உன் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது என்று தெரிந்தும் அந்தக் கடிதத்தை அனுப்பினேன் பார், அதுதான் என் மடத்தனம். அப்போது எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் முதலாளியம்மா கத்தரியை மேஜையில் வைத்துவிட்டு, “நீதானே இடக்கைக்காரி?” என்று கேட்டார். வலது கையைப் பையோடு சேர்த்துப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் கத்தரியை எடுத்தேன். இல்லை என்று சொன்னால் எங்கே போவது? பஸ்ஸுக்குக்கூடச் சில்லறை இல்லை.

அன்று தொடங்கியது. தலை வாருவது, பல் தேய்ப்பது, பட்டன் போடுவது, எல்லாம் இடது கையால். பத்து நாள் என் தலையைப் பார்த்து அறைத்தோழிகள் சிரித்தார்கள். வெட்டுவதுதான் வரவில்லை. இங்கே இருப்பது எல்லாம் வலது கைக் கத்தரி. போனவள் தன் கத்தரியைத் தன்னோடு கொண்டுபோய்விட்டாள். இடது கையில் பிடித்தால் கத்தி இரண்டும் விலகிக்கொள்கின்றன, துணி நடுவில் மடங்கிப் பல்லில் மாட்டிய மாதிரி நிற்கிறது. கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வெட்டுகிறேன். அதற்குத்தான் உன் கத்தரியைக் கேட்டேன். காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

தோளில் துண்டு சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது என்று எழுதினேன். பொய். தினமும் இருக்கிறது. ஒரு நாள் மூன்று. வலது மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டார். நடுவில் சந்திக்க வேண்டியவர் இப்போது என் பாதி வரை வந்துவிடுகிறார். வேர்த்து ஊற்றுகிறது அவருக்கு.

ஜூலை பதினைந்தில் முதலாளியம்மா எதிரில் தனியாக வெட்டிக் காட்ட வேண்டும். அதில்தான் காகிதமா, கதவா என்று தெரியும்.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாய். அதை மட்டும் கேட்காதே அக்கா. உன் கால் செருப்பாகக் கூட இருக்கிறேன், அதை மட்டும் விட்டுவிடு.

உன் சின்னவள்

ஜூன் 1

என் சின்னவளுக்கு,

விரல் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். இன்றைக்கு அதற்கு மேல் சொல்ல முடியாது.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படித்தேன். ‘அதை மட்டும் கேட்காதே’ என்ற இடம் வந்ததும், “பார்த்தீங்களா, எவ்வளவு நெஞ்சழுத்தம்!” என்று கத்தினேன். உன் அத்தான் தட்டை நகர்த்தி வைத்தார். எழுந்து போய், மூன்று வருஷமாக யாரும் கேட்டு வராத ஒரு சுவர்க் கடிகாரத்தை இறக்கி, பின்கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு கவரை எடுத்து என் மடியில் போட்டார். என் பேர் போட்ட கவர்.

“அவ எங்கிட்டதான் கொடுத்தா. நான்தான் உனக்குக் குடுக்கல. குடுத்தா போயிடுவே. போனா திரும்ப மாட்டே. புள்ளை குட்டி இல்லாத வீடு, நீயும் போயிட்டா நான் மணி எத்தனைன்னு யார்கிட்ட சொல்றது?”

மாமியார் கம்பைத் தரையில் தட்டி, “பாவிப் பயலே” என்றார். நான் கையைக் கழுவிவிட்டுக் கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உன் மிஷினின் கால்தடத்துக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

நாலு மாதமாக நான் உன்னைப் பேசாத பேச்சில்லை. நீ ஒரு வார்த்தை எழுதியிருந்தால் தப்பித்திருப்பாய். என் குடித்தனம் கெடக்கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு திட்டையெல்லாம் வாங்கினாய். என் வாய்க்குச் சூடு போட வேண்டும். மன்னிப்பு என்று எழுதினால் உனக்குச் சிரிப்பு வரும், எழுதவில்லை. நீயே புரிந்துகொள்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. பதினாறு அடி பதினாறு அடிதான். ஆனால் கத்தரி வருகிறது. தபால் ஆபீசில் இரும்புச் சாமானைத் துணியில் சுற்றி வாங்கமாட்டார்களாம், மரப்பெட்டி வேண்டுமாம். தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு வாரம் கேட்டிருக்கிறார். வந்ததும் சாக்பீஸ் கோட்டைத் தாண்டி இடது பக்கமாகக் கண்ணை வை, கத்தி தானாக ஓடும்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 18

அக்காவுக்கு,

நீ நலமாக இரு. நான் எப்படி இருக்கிறேன் என்று இதைப் படித்துவிட்டு நீயே சொல்.

தச்சரை நிறுத்து. கத்தரியை அனுப்பாதே. இதைப் படித்த பிறகும் அனுப்பத் தோன்றினால் பார்த்துக்கொள்ளலாம்.

உன் கடிதத்தில் என்னைப் புகழ்ந்திருந்தாய். அதைப் படித்து இரண்டு நாள் என்னால் சாப்பிட முடியவில்லை. திட்டினபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை அக்கா, நியாயமாகத்தான் இருந்தது. அத்தான் மட்டும் செய்த தப்பு என்று நீ நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியாது.

கடிதம் வந்த அன்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். ஆஸ்பத்திரி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோர சீட்டுகூடக் காலியாக இருந்தது. நான் ஏறவில்லை. பஸ் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து கடிதத்தை அத்தான் மேஜையில் வைத்து, “அக்காகிட்ட குடுத்துடுங்க, அவ போகலைன்னா மட்டும் நான் போறேன்” என்றேன். அவர் கொடுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதனால்தான் அவரிடம் கொடுத்தேன். மூன்று நாள் உன் பதிலுக்குக் காத்திருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வராது என்று தெரிந்தே காத்திருந்தேன்.

உனக்கு மட்டும்தான் பொறாமையா? பள்ளிக்கூடத்தில் உன்னை அடித்தபோது எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. கடை வைத்த பிறகு? “பெரியவங்க வெட்டினாத்தான் உடம்புல நிக்கும்.” “பெரியவங்க இல்லையா, அப்ப நாளைக்கு வர்றேன்.” பதினோரு வருஷம் நீ வெட்டிப் போட்டதை நான் இணைத்தேன். தையல் நன்றாயிருக்கிறது என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. கவர் மேல்தான் உன் பேர், உள்ளே ‘துணி வெட்டுகிறவர்’ என்று மட்டும்தான் இருந்தது. அதைப் பார்த்தபோது, ஒரு தடவை நான் நீயாக இருந்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. இருந்து பார்த்துவிட்டேன். கட்டைவிரல்தான் வீங்கியது.

நேற்று முதலாளியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்றைய துண்டு தோளில் இருக்கும்போதே சொன்னேன். அவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அதான் அஞ்சு மாசமா ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கை நீளமா வருதா?” என்றார். வலது மாஸ்டர் தொண்டையைச் செருமி, “தப்பா வெட்டினதையெல்லாம் இவளே ஒட்டுப்போட்டுத் தைக்கிறா. தைக்கிறதுல இவ கை சுத்தம்மா” என்றார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக ஒருத்தர் சொன்னார்.

முதலாளியம்மா முடிவு இதுதான். பின்கட்டில் ஒரு மிஷின் காலியாக இருக்கிறது, அது எனக்கு. இடது முனைக்கு ஆள் வேண்டும். “உங்க அக்கா நிஜமாவே இடக்கைக்காரிதானே? இல்ல, அவளும் உன்னை மாதிரியா?” என்றார். ஜூலை பதினைந்துக்குள் நீ வந்தால் இடம் உனக்கு. வராவிட்டால் வேறு ஆள். வேலைக் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். கடிதம் உன் கைக்கு வரும்போது இரண்டு வாரம்கூட இருக்காது. தெரியும். உன்னிடம் காசும் இருக்காது.

இந்த முறை கவரை உன் பேருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்து போட்டு நீயே வாங்க வேண்டும்.

வராவிட்டாலும் திட்டியாவது எழுது.

சின்னவள்

ஜூலை 4

சின்னவளே,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்னைத் திட்டித் திட்டித் தொண்டைதான் கட்டிக்கொண்டது. மூன்று நாள் திட்டினேன். அந்த ஜன்னலோர சீட்டைச் சொல்லிச் சொல்லித் திட்டினேன். ஜெராக்ஸ்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அதற்கு நேரில் நாலு அறை பாக்கி இருக்கிறது, இரண்டு கையாலும்.

இரண்டு வாரம் என்று சொன்ன தச்சர் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார், நிறுத்திவிட்டேன். கத்தரி தபாலில் வராது. பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்து நானே கொண்டுவருகிறேன். பன்னிரண்டாம் தேதி கிளம்புகிறேன். இதை விரைவுத் தபாலில் போடுகிறேன், எனக்கு முன்னால் வந்து சேரும்.

உன் அத்தானிடம் சொன்னபோது அவர், “வீட்டை யாரு பார்த்துக்கறது? எனக்கு அடுப்புகூடப் பத்தவைக்கத் தெரியாதே” என்றார். ஒரு கடுதாசியை அஞ்சு மாசம் ஒளித்து வைக்கத் தெரிந்த மனுஷனுக்கு அடுப்பு பற்றவைக்கத் தெரியாமலா போகும் என்று கேட்டேன். மாமியார், “நான் உக்காந்த இடத்துலயிருந்து சொல்லித் தர்றேன், நீ போ” என்றார். மறுநாள் உன் அத்தான், யாரும் கேட்டு வராத கடிகாரங்களையெல்லாம் இறக்கித் துடைத்து ஒரு வண்டியில் ஏற்றினார். முதலில் ஏற்றியது அந்தக் கடிகாரம். சாயங்காலம் என் டிக்கெட்டோடு வந்தார். நான் அவரோடு இன்னும் சரியாகப் பேச ஆரம்பிக்கவில்லை. ஆனால் வீட்டுக் கடிகாரங்களில் ஒன்று மட்டும் வேறு ஏதோ நேரம் காட்டுகிறது. உங்கள் ஊர் நேரமாக இருக்கும். பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

பயமாக இருக்கிறது. ஆறு வருஷம் பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்திருந்தவள் நான். யார் தடுத்தார்கள்? கடிதம் வந்த அன்றே நீ ஓடி வந்து கொடுத்திருந்தால், மாமியார் இடுப்பைச் சொல்லி வேண்டாம் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. அதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்லமாட்டேன். நீ திருடாமல் இருந்தால் எனக்கு அந்த இடத்தின் மேல் இவ்வளவு ஆசை வந்திருக்காது. இதைப் படித்துச் சிரிக்காதே.

ஸ்வெட்டர் கொண்டுவர வேண்டுமா என்று தெரியவில்லை. ஜூலையிலும் அங்கே குளிருமா என்று இத்தனை கடிதத்தில் நீ ஒரு வரி எழுதவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று மார்ச் மாதம் கேட்டேன், அதையும் எழுதவில்லை. இனிமேல் எழுத வேண்டாம், வந்து பார்த்துக்கொள்கிறேன்.

இன்றிலிருந்து எல்லாவற்றையும் வலது கையால் செய். தலையை ஒழுங்காக வாரு. என்னை அழைக்க வரும்போது அந்த இடது கையைச் சும்மா தொங்கவிட்டுக்கொண்டு வா. அதற்குச் சொந்தக்காரி வருகிறாள்.

அன்புடன்,
அக்கா